நீலக்கரை போட்ட கேடயம்

பேட்ஜ் தைக்கிற தொழிலுக்கு வந்துட்டா மனுஷங்க முகத்தைப் பார்க்கிற பழக்கமே போயிடும். கண்ணு நேரா சட்டைப் பாக்கெட்டுக்குத்தான் போகும்.

கும்மிடிப்பூண்டி பஜார்ல, ரயில்வே ஸ்டேஷனுக்குப் போற வழியில, ஒரு எம்ப்ராய்டரி மிஷினும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஸ்கூல் பேட்ஜ், செக்யூரிட்டி பேட்ஜ், கம்பெனி பேட்ஜ், சர்ச் வாலிபர் சங்க பேட்ஜ், கபடி டீம் பேட்ஜ், எல்லாம் நம்ம கையில பொறந்ததுதான். காலையில தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போற கூட்டத்தைப் பார்த்தா ஒருத்தர் பேரும் ஞாபகம் வராது. எந்தக் கழுகுக்கு மூக்கு கோணலாப் போச்சு, எந்தக் கேடயத்துல நூல் பத்தாம ஒட்டுப் போட்டேன், அது மட்டும் கரெக்டா ஞாபகம் வரும். நீங்களும் ஏதோ ஒரு கம்பெனிச் சட்டையை மாட்டிக்கிட்டு, ஏதோ ஒரு கேட்டுல, செக்யூரிட்டி உங்க நெஞ்சைப் பார்த்துத் தலையாட்டுறதுக்காக நின்னவங்களாத்தான் இருப்பீங்க. அதனால உங்ககிட்ட சொன்னா புரியும்.

கல்யாணத்துக்கு முன்னாடி நான் அம்பத்தூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில இருந்தேன். வெளிநாட்டு ஸ்கூலுக்கும் கிளப்புக்கும் கோட்டுப் பாக்கெட்டுல வைக்கிற பேட்ஜ் தைப்போம். எல்லாம் அந்தக் காலத்து ராஜா, பிரபு வீட்டுக் குடும்பச் சின்னத்தைப் பார்த்து வந்தது. அதுக்குன்னு தனி பாஷையே இருக்குங்க. சிவப்பை சிவப்புன்னு சொல்ல மாட்டாங்க, கூல்ஸ்னு வரும். நீலம்னா அசூர். சிங்கம் எப்படி நிக்குது, எப்படி நடக்குது, எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. வாயில நுழையலை. செக்‌ஷன்ல இருந்த பொண்ணுங்க நாங்களே பேர் வச்சுக்கிட்டோம். நடுவுல இருக்கிற கேடயம் முறம். அதுக்கு ரெண்டு பக்கமும் நின்னு தாங்குற மிருகங்க மாப்பிள்ளைத் தோழன். மேல இருக்கிற தொப்பியும் இறகும் கொண்டை. கீழ வாசகம் எழுதின துணி நாடா. பின்னங்கால்ல நிக்கிறது எகிறுற சிங்கம். நடந்துகிட்டே நம்ம பக்கம் மூஞ்சியைத் திருப்புறது பராக்குச் சிங்கம். இந்தப் பெரிய படிப்பை வச்சுக்கிட்டு கும்மிடிப்பூண்டியில பிழைக்க வந்தேன் பாருங்க, என் புத்தியைச் சொல்லணும்.

எகிறுற சிங்கம்

கவரப்பேட்டை பக்கம் ஒருத்தர் புதுசா நர்சரி ஸ்கூல் ஆரம்பிச்சார். பேட்ஜ் ஒரு பிஸ்கட் அளவுதான். அதுக்குள்ள சிங்கம், புத்தகம், குத்துவிளக்கு, தாமரை, ராக்கெட், கம்ப்யூட்டர், உலக உருண்டை எல்லாம் வேணும்னார். "சார், ஊசிக்கே மூச்சு முட்டும் சார்"னு கெஞ்சி, ஒரே ஒரு எகிறுற சிங்கம், காலடியில ஒரு புத்தகம்னு ஒத்துக்க வச்சேன்.

எனக்குப் பிடிச்ச சிங்கம் அது. நாக்கு, நகம், வால்ல குஞ்சம்னு தனித்தனி கலர்ல போட்டேன். ஊசி எங்க குத்தணும், எங்க திரும்பணும்னு கம்ப்யூட்டர்ல வழி போட்டுக் கொடுக்கிறதை நாங்க பஞ்சிங்னு சொல்லுவோம். அந்த வேலையை அவ்வளவு ஆசையா நான் செஞ்சதே இல்லை. சாம்பிளைக் கையில வச்சுக்கிட்டு மனுஷன் கண்ணெடுக்காம பார்த்தார். அப்பாடா, ஒருத்தருக்காவது அருமை தெரிஞ்சுதேன்னு மனசு குளிர்ந்து போச்சு.

மறுநாள் மனைவியைக் கூட்டிக்கிட்டு வந்தார். அந்தம்மாதான் ஹெட்மிஸ்ட்ரஸ். சிங்கத்தை மேலயும் கீழயும் பார்த்துட்டு வேணாம்னுட்டாங்க. சிங்கம் போய் ரெண்டு வாத்து வந்துச்சு. இப்பவும் அந்தச் சிங்கத்தை அழிக்க மனசு வராம கம்ப்யூட்டர்லயே வச்சிருக்கேன். அந்தம்மா சொன்ன காரணத்தைக் கேளுங்க.

"இப்டி எகிறிக்கினு நிக்குதே, ஃபீஸ் கட்டாத பேரன்ட்ஸு என்னியத்தான் படமாப் போட்டுக்கீறாங்கன்னு நெனைச்சுக்குவாங்க மேடம்!"

கறுப்பு மேல பச்சை

அம்பத்தூர்ல கத்துக்கிட்டதுல ஒரு சட்டம் உண்டு. மஞ்சளும் வெள்ளையும் ஒரு கட்சி, அது தங்கம், வெள்ளின்னு கணக்கு. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு எல்லாம் இன்னொரு கட்சி. ஒரே கட்சிக்காரங்களை ஒருத்தர் மேல ஒருத்தரை வைக்கக் கூடாது. கறுப்பு மேல மஞ்சள் வச்சா தூரத்துல இருந்தே பளிச்சுன்னு தெரியும். கறுப்பு மேல பச்சை வச்சா பக்கத்துல வந்து தடவித்தான் பார்க்கணும். சண்டையில வர்றவன் நம்மாளா எதிராளியான்னு தெரியறதுக்காக வந்த சட்டமாம்.

செக்யூரிட்டி ஏஜென்சி வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் காதுலயே வாங்கலை. கருநீலச் சட்டை, அதுமேல கறுப்புக் கேடயம், அதுக்குள்ள பச்சைக் கழுகு. அப்பதான் கெத்தா இருக்குமாம். தைச்சுக் கொடுத்தேன். என்ன செய்யறது, கடை நம்மளது, சட்டை அவருது.

கொஞ்ச நாள் கழிச்சு காட்டுப்பள்ளி ரோட்டுல ஒரு வேலையாப் போனேன். கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்குது. ஒரு யார்டு வாசல்ல வயசான செக்யூரிட்டி ஒருத்தர் லாரியை நிறுத்தப் பார்க்கிறார். டிரைவர் "யோவ், நீ யாருய்யா?"ன்னு கத்துறான். இவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுறார். அங்க என்ன தெரியுது, ஒண்ணும் தெரியலை. எனக்கு அவமானமாப் போச்சு. கிட்டப் போய், "அண்ணே, அந்த பேட்ஜ் நான் தைச்சதுதான். கடைக்கு வாங்க, சுத்தி மஞ்சள் நூல் ஓட்டித் தர்றேன், ஒண்ணும் தர வேணாம்"னேன். அவர் சிரிச்சுட்டார்.

"நீ வேறம்மா, தெரியாம இருக்கிறதே தேவலாம். தெரிஞ்சா ஏஜென்சி பேரையும் சேத்துக்கினு திட்டுவான்!"

தம்பிங்களுக்குக் கரை

இப்ப நம்ம வீட்டுக் கதைக்கு வரேன். என் தம்பி தேவா, வால்வு செய்யற ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் ஆள். ஐ.டி.ஐ. முடிச்ச சூட்டோட சேர்ந்தவன். அடுத்த வருஷம் பர்மனென்ட், அடுத்த வருஷம் பர்மனென்ட்னு சொல்லிச் சொல்லியே அவனுக்கு முன்நெத்தி ஏறிப் போச்சு. அந்தக் கம்பெனி பேட்ஜ் மொத்தமும் நான்தான் தைக்கிறேன்.

அங்க ஆளுங்க விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் சுகுமார் சார். நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்திப் பேச மாட்டார். ஒரு நாள் வந்து, "ஸ்டெல்லாம்மா, மீஞ்சூர் பக்கம் கம்பெனிங்கள்ல இருக்கிற மாதிரி இனிமே ரெண்டு விதமா வேணும். பர்மனென்ட் ஆளுங்களுக்கு இப்ப இருக்கிற மெரூன் கேடயம் அப்படியே. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அதே கேடயத்தைச் சுத்தி நீலக் கரை"ன்னார். எந்த கேட்டுல நுழையறது, கேன்டீன்ல எந்த வரிசையில நிக்கிறதுன்னு செக்யூரிட்டிக்குப் பார்த்த உடனே தெரியணுமாம்.

எனக்கு திக்குன்னு ஆச்சு. ஏன்னா அம்பத்தூர்ல இதையும் படிச்சிருக்கேன். அந்த வெளிநாட்டுக் குடும்பங்கள்ல அப்பா கேடயத்தை மூத்த பையன் அப்படியே எடுத்துக்குவானாம். தம்பிங்க அதைச் சுத்தி ஒரு கரை போட்டுத்தான் எடுத்துக்கணுமாம். சொத்தெல்லாம் அண்ணனுக்கு, தம்பிக்குக் கரை. எங்கேயோ ராஜா வீட்டுல நடந்ததுன்னு நினைச்சேன், அது இந்த பஜாருக்கு என் கடையைத் தேடிக்கிட்டு வந்துச்சு.

அதோட விடலை. கேடயத்துக்குக் கீழ நாடாவுல எழுத ஒரு வாசகமும் கொடுத்தார்: 'நாம் ஒரே குடும்பம்.' எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஒரே குடும்பம்னா அப்புறம் கரை எதுக்கு சார்?"ன்னு கேட்டுட்டேன். அவருக்குக் கோபம் வரலை. பொறுமையாத் திருப்பிக் கேட்டார்.

"குடும்பம்னா அண்ணன், தம்பின்னு இருக்க மாட்டாங்களாம்மா?"

பொண்ணு பார்க்கப் போன சட்டை

எங்க பக்கத்துல பொண்ணு பார்க்கப் போறப்ப பளபளன்னு புதுச்சட்டை போட்டுக்கிட்டுப் போறவனைவிட கம்பெனிச் சட்டையோட வர்றவனுக்குத்தான் மதிப்பு. வேலையில இருக்கிற பையன்னு சட்டையே சொல்லிடும், நாம வாயைத் திறக்க வேணாம். பொன்னேரியில ஷீபான்னு ஒரு பொண்ணு, எங்க சர்ச்சுல தெரிஞ்சவங்க மூலமா வந்த இடம். தேவா முதல் ஷிஃப்ட் முடிச்சு, மூஞ்சி கழுவி, அதே சட்டையோட வந்தான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நானும் ரயில்ல போறவரைக்கும் அந்த நீலக்கரையைப் பத்தி யோசிக்கலை. தைச்ச எனக்கே தோணலைன்னா என்ன சொல்றது!

ஷீபாவோட அப்பா சாமுவேல் அண்ணன் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில ரொம்ப வருஷமா பர்மனென்ட். இந்த வட்டாரத்துல எந்தக் கம்பெனி எந்தக் கலர், யாருக்கு என்ன கரைன்னு அவருக்கு மனப்பாடம். வாசல்ல வாங்க வாங்கன்னு கைகுடுத்தவர், தேவா மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு முந்தி பாக்கெட்டைப் பார்த்தார். பார்த்த உடனே பிடிச்ச கையில இருந்த வேகம் போயிடுச்சு. நான் அதைக் கண்ணால பார்த்தேன்.

பொண்ணுக்குப் பையனைப் பிடிச்சிருந்துச்சு. காபி கொடுக்கிறப்ப, "உங்க கம்பெனி பஸ்ஸு பொன்னேரி வழியாத்தானே போவுது? ஜன்னலோரம் எப்பவும் தூங்கிக்கினே போவீங்களே?"ன்னு கேட்டுட்டு சிரிச்சா. தேவாவுக்குக் காதெல்லாம் சிவந்துடுச்சு. இது போதாதா? ஆனா கிளம்பறப்ப சாமுவேல் அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டார். மரியாதையாத்தான் சொன்னார், அதுதான் இன்னும் வலிக்குது.

"பையன் தங்கமான பையன்தாம்மா. அந்த நீலக்கரை மட்டும் போவட்டும், மறு ஞாயிறே சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சுடலாம்."

முறத்துக்குள்ள நெற்கதிர்

நடுவுல ஒரு வேடிக்கை. சோழவரம் பக்கத்துல நிலபுலனோட வாழ்ந்த குடும்பத்துக்காரர் ஒருத்தர் கார்ல வந்து இறங்கினார். புதுசா கட்டின பங்களா கேட்டுக்குக் குடும்பச் சின்னம் வேணும், டிரைவர் சட்டைக்கும் அதே பேட்ஜ் வேணும். எனக்குக் கை பரபரன்னுச்சு. எவ்வளவு காலம் கழிச்சு ஒரு நிஜமான குடும்பச் சின்னம்! பச்சைக் கேடயம், அதுக்குள்ள தங்கக் கலர்ல ஒரு கட்டு நெற்கதிர். ரெண்டு பக்கமும் மாப்பிள்ளைத் தோழனா ரெண்டு காளை. பச்சை மேல மஞ்சள், சட்டப்படி சரியா வந்துச்சு. நானே பார்த்து அசந்துட்டேன்.

கூட வந்த வீட்டம்மா அது வரைக்கும் போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தாங்க. வந்து ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம் அந்தச் சின்னத்தை அவர் வாங்கவே இல்லை. இங்கிலீஷ்ல பேரோட முதல் எழுத்தை மட்டும் போட்டா போதும்னுட்டார், அதுவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு. அந்தம்மா அவரைப் பார்த்துக் கேட்டது இதுதான்.

"நெல்லு எங்க கீது நம்மகிட்ட? அத்தினி நெலத்தையும் வித்துட்டுத்தானே இந்த ஊட்டக் கட்டினே, அந்த எடத்துல நிக்கிற குடோனைப் போடச் சொல்லு!"

கரையைப் பிரிச்சா

நீலக்கரை வந்த பிறகு என் கடைக்கு ரகசியமா வர்ற ஆளுங்க ஜாஸ்தியானாங்க. பிரதாப்னு ஒடிசாப் பையன், தேவாவோட லைன்ல வேலை செய்யறவன். ஊருக்குப் போய் கல்யாணம் பண்ணிக்கப் போறான். கம்பெனிச் சட்டையில போட்டோ எடுத்து முன்னாடியே அனுப்பணும், கரையை மட்டும் பிரிச்சு விடுங்கன்னு கேட்டான். "உங்க ஊர்ல யாருக்குடா தெரியப் போவுது?"ன்னா, பொண்ணோட மாமா இங்க ரெண்டு வருஷம் வேலை செஞ்சவராம். அவருக்குத் தெரியுமாம்.

விஷயம் என்னன்னா, பேட்ஜுக்குக் கரைங்கிறது அழகுக்கு மட்டும் இல்லை. வெட்டின ஓரத்தைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சிருக்கிறதே அந்த நூல்தான். அதைப் பிரிச்சா கேடயம், எழுத்து எல்லாம் ஓரத்துல இருந்து பிசிறு பிசிறா கழண்டு வந்துடும். பிரதாப்புக்கு ஒரு பழைய பேட்ஜைப் பிரிச்சே காட்டினேன். பாவம், சட்டையை மடிச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பிப் போனான்.

அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. மிஷின்ல உட்கார்ந்தேன், மெரூன் ஓரம் வச்சு பர்மனென்ட் பேட்ஜ் ஒண்ணு தைச்சேன். சாயங்காலம் தேவா வந்தப்ப அவன் கையில வச்சு அமுக்கினேன். "இத்தப் போட்டுக்கினு பொன்னேரிக்கு ஒரு நடை போய்ட்டு வாடா. கல்யாணம் ஆனப்புறம் பார்த்துக்கலாம்"னேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டை விரலால நீவினான். எவ்வளவு ஆசை இருந்துச்சு அந்த விரல்ல! அப்புறம் மிஷின் மேலயே வச்சுட்டான்.

"வாணாம்க்கா. கம்பெனிக்காரன் குடுத்தாத்தான் அது எனக்கு பேட்ஜு, நீ குடுத்தா நூலு."

நீல நூல் இனிமே வேணாம்

கம்பெனியில பழைய பர்மனென்ட் ஆளுங்க ஒவ்வொருத்தரா வி.ஆர்.எஸ். வாங்கிக்கிட்டு வெளிய வந்துக்கிட்டிருந்தாங்க. காலியாகுற இடத்துக்கு சீனியர் கான்ட்ராக்ட் ஆளுங்களைத்தான் எடுப்பாங்கன்னு தேவாவும் அவன் கூட்டாளிங்களும் உறுதியா நம்பினாங்க. நம்பாம எப்படி? மிஷினுக்கு ஆள் வேணும், வேலை தெரிஞ்சவன் இவன்தான்.

இப்படி இருக்கிறப்ப சுகுமார் சார்கிட்ட இருந்து போன். "ஸ்டெல்லாம்மா, நீல நூல் இனிமே வேணாம். மொத்த பேருக்கும் மெரூன் ஓரமே போட்டுடுங்க. பழைய கரை பேட்ஜெல்லாம் வாபஸ் வாங்கறோம்"னார். ஏன், எதுக்குன்னு கேட்கக்கூடத் தோணலை எனக்கு. கையில இருந்த வாத்து பேட்ஜைத் தூக்கி ஒரு ஓரமாப் போட்டேன். அம்மாவுக்குப் போன் பண்ணினேன், அம்மா அழுதாங்க. அடுத்த போன் யாருக்குப் பண்ணியிருப்பேன்? பொன்னேரிக்குத்தான். "அண்ணே, நீலக்கரை போயிடுச்சு"ன்னேன். அந்தப் பக்கம் சாமுவேல் அண்ணன் "ஸ்தோத்திரம்"னார். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வந்துடுங்கன்னார். பின்னாடி யாரோ ஓடுற கொலுசுச் சத்தம்கூட கேட்டுச்சு.

இந்தத் தொழில்ல இருக்கிறவ நான். பேட்ஜைப் பார்த்தே எல்லாத்தையும் தெரிஞ்சுக்கலாம்னு எனக்கு ஒரு கர்வம். ஆர்டர் முடிஞ்சதும் வெள்ளிக்கிழமை சுகுமார் சாரே வந்தார். பையை வாங்கிக்கிட்டார், ஆனா கிளம்பலை. ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். டீ சொல்லி அனுப்பிட்டு, "ரொம்ப சந்தோஷம் சார், எங்க தேவாவுக்கும் ஒரு வழி பொறந்துச்சு"ன்னேன். அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கலை. மொத்த லைனையும் ஒரு கான்ட்ராக்டர் கையில ஒப்படைச்சாச்சாம். இருந்த கொஞ்சநஞ்ச பர்மனென்ட் ஆளுங்களுக்கும் கணக்கு முடிச்சாச்சாம். தனக்கும் அடுத்த மாசத்துல இருந்து வருஷக் கான்ட்ராக்ட்தானாம். டீ ஆறிப் போச்சு, ரெண்டு பேருமே குடிக்கலை.

"பர்மனென்ட்னு ஒருத்தருமே இல்லைம்மா. அப்புறம் யார்கிட்டயிருந்து யாரைப் பிரிச்சுக் காட்டக் கரை போடறது?"

பொன்னேரியில ஞாயித்துக்கிழமை

தேவாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அவனுக்கும் அதுக்குள்ள காத்துவாக்கில சேதி வந்திருந்துச்சு. "போன்லயே சொல்லிடறேண்டா, நீ வர வேணாம், என்னாலதானே இந்தப் பேஜாரு"ன்னேன். அவன் கேட்கலை. "சாப்பாட்டுக்குக் கூப்ட்டுக்கீறாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடறதுதான் மரியாத"ன்னான். சனிக்கிழமை ஷிஃப்ட்ல கொடுத்த புது பேட்ஜ் ஒட்டின கம்பெனிச் சட்டையைத்தான் போட்டுக்கிட்டான். ஏன்டான்னு கேட்டேன். அதைக் காட்டித்தானே சொல்லணும்னான்.

சாமுவேல் அண்ணன் தெருமுனைக்கே வந்து நின்னார். தூரத்துல இருந்தே பாக்கெட்டைப் பார்த்துட்டார். "வாங்க மாப்ள"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டார். வீட்டுக்குள்ள பிரியாணி வாசனை. ஷீபா ரூம் கதவை ஒட்டி நின்னுக்கிட்டிருந்தா, பூ வச்சிருந்தா. எங்க அம்மா உட்காரக்கூட இல்லை, தேவா நின்ன இடத்துலயே சொல்லிட்டான். "அங்கிள், கரை போனது நெஜம். ஆனா என்னைய மேல ஏத்தல. மேல இருந்தவங்களை எல்லாம் எடுத்துட்டாங்க. இப்ப எல்லாருக்கும் இதான்." சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினான். சொல்றப்ப அவன் ஷீபாவைத்தான் பார்த்தான். அந்தப் பொண்ணு தலையைக் குனியலை, அழவும் இல்லை. "உக்காருங்க, சாப்பாடு ஆறிடும்"னா.

சாப்பிட்டோம். நான் அந்த வீட்டு பிரியாணியைப் போல ஒரு பிரியாணி சாப்பிட்டதில்லை, ஆனாலும் ரெண்டாந்தரம் போட்டுக்கலை. ஷீபாவுக்கு அப்பாவை மீறிப் பேசற தைரியம் இருந்திருக்கலாம், தேவாவுக்குக் கேட்கிற தைரியம் இருந்திருக்கலாம், எனக்கு அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சுற புத்தி இருந்திருக்கலாம். ஒண்ணும் நடக்கலை. கொஞ்ச மாசத்துல அவளுக்கு ஓலை வாசிச்சாங்க, ஆவடியில கவர்மென்ட் வேலை பார்க்கிற பையனோட. தேவா இப்பவும் அதே கம்பெனி பஸ்ல பொன்னேரி வழியாத்தான் போறான். ஜன்னலோரம் உட்கார்றதில்லைன்னு பிரதாப் சொன்னான்.

சாமுவேல் அண்ணன் மேல எனக்குக் கோபம் இல்லை. அன்னிக்குக் கை கழுவிட்டு வந்து, துண்டால துடைச்சுக்கிட்டே, தேவாவைப் பார்த்து அவர் கேட்டார். ஏமாத்திட்டீங்களேன்னு கேட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாவே தெரியாமத்தான் கேட்டார்.

"இத்தினி வருசமா கரையப் பாத்துத்தான் ஆள எடை போட்டுக்கினு இருந்தேன். இப்ப எல்லாம் ஒண்ணாக்கிட்டான்னா, பொண்ணக் குடுக்க நான் இன்னாத்தப் பாக்கறது, தம்பி?"

போர்க்களத்துல ஒருத்தனை இன்னொருத்தன்கிட்டயிருந்து அடையாளம் காட்டத்தான் கேடயத்துல படம் போட ஆரம்பிச்சாங்களாம், இப்ப அடையாளம் காட்ட வித்தியாசமே மிச்சமில்லாதப்பவும் எனக்கு ஆர்டர் மட்டும் ஒரு நாளும் குறையறதில்லைங்க.